நாற்பத்தெட்டுக் கிலோ

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் எடை பார்க்கிற கருவி எதுவும் கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் பி.டி. மாஸ்டர் குஸ்திப் பையன்கள் பத்துப் பேரையும் எங்கள் கடைக்குக் கூட்டிவருவார். போர்ட் பிளேர் பஜாரில் என் வாப்பாவுக்கு மளிகைக் கடை. அரிசி மூட்டை, கொப்பரை மூட்டை நிறுக்க வாசலிலேயே ஒரு பிளாட்பாரத் தராசு கிடக்கும். நாங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொருத்தனாக அதில் ஏறி நிற்போம். வாப்பா தண்டில் இருக்கும் குண்டை நகர்த்தி, தண்டு ஆடாமல் நிற்கும்வரை குனிந்து பார்த்து எடையைச் சொல்வார். மாஸ்டர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "மூட்டைய நிறுக்குற எடத்துல புள்ளைங்கள ஏத்துறது மனசுக்கு ஒப்பல தம்பி. மூட்டையில ரெண்டு படி அள்ளிட்டா அதுக்கு வலிக்காது."

நான் சிரித்தேன். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. எனக்குப் பதினாலு வயது.

குஸ்தி எனக்கு நல்லதும் செய்தது, அதை மறைக்கக் கூடாது. அதற்கு முன்னால் நான் பயந்தாங்கொள்ளி. வகுப்பில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிப் பையன்கள், தீவிலேயே தலைமுறையாக இருக்கும் லோக்கல் பையன்கள் எல்லோரும் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி திருத்தமாக வராது. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். கோதாவில் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், மர ஆலையிலிருந்து லாரியில் வந்த மரத்தூளைச் செம்மண்ணோடு கலந்து கொட்டி கோதா போட்டிருந்தார்கள். மழை பெய்தால் அது புளித்துப்போய் நாறும். முதல் மாதம் முழுக்க மாஸ்டர் எங்களுக்கு விழுவதற்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கையை ஊன்றக் கூடாது. இரண்டாவது பாடம், தட்டுவது. வலி தாங்க முடியாவிட்டால் உள்ளங்கையால் தரையை இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டின சத்தம் கேட்டதும் எதிராளி பிடியை விட்டுவிட வேண்டும். ஆபீசர் மகனாக இருந்தாலும் கூலிக்காரர் மகனாக இருந்தாலும் இதுதான் சட்டம். ஒரு சத்தத்துக்கு இன்னொருத்தன் கட்டுப்படுவான் என்று தெரிந்ததும் எனக்கு உலகத்தின் மேலேயே பயம் குறைந்தது.

கோதாவில் எனக்கு ஜோடி ஹேவ்லாக் தீவிலிருந்து வந்த பெங்காலிப் பையன். என்னைவிட ஒரு வயது பெரியவன். அவன் அப்பா கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். சர்க்கார் கொடுத்த நிலத்தில் காட்டை வெட்டி நெல் போட்டிருந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை இவன். இவனுக்கு அடுத்தது, அப்போது மழலை பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பி. ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மரைன் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். உம்மா வைக்கிற மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றி மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவான். "மாசி, எங்கம்மா ஆக்குறதவிட நல்லாருக்கு, அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்பான். பெங்காலியில் மாசி என்றால் சித்தி. உம்மாவுக்கு அவன் பேசும் இந்தியில் பாதிதான் புரியும். ஆனாலும் அவனைக் கண்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

மெயின்லேண்டில் நடக்கும் போட்டிக்குத் தீவிலிருந்து பையன்களை அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது அந்த வருஷக் கோடையில்தான். அதிலிருந்து மாஸ்டர் மாறிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பட்டாளத்தில் இருந்தவர். ஹாஸ்டல் பையன்களுக்காகத் தன் வீட்டுக் கோழி முட்டையைப் பையில் போட்டு எடுத்துவருவார். ஆனால் அந்த வாரம் கோதாவின் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "மெயின்லேண்ட்ல தட்டுனவன் தோத்தவன். இனிமே இங்க ஒருத்தனும் தட்டக் கூடாது." தட்டினால் வெயிலில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். இரண்டே நாளில் எல்லோரும் தட்டுவதை விட்டுவிட்டோம். அதற்கு முன்னால் கோதாவில் எப்போதும் சிரிப்பும் உள்ளங்கைச் சத்தமுமாக இருக்கும். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்தான். பிடியை எப்போது விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ராஞ்சிப் பையனுக்குக் கையில் மூட்டு விலகியது. அவன் கத்தவே இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒவ்வொரு எடைக்கும் ஒருத்தன்தான் கப்பல் ஏற முடியும். நாற்பத்தைந்து கிலோவுக்கு நான் சரியாக இருந்தேன். என் ஜோடி ஐம்பத்தொன்றரை. அவன் இருந்த ஐம்பத்திரண்டு கிலோவில் இன்னொரு பெரிய பையன் இருந்தான். அவனை இவனால் ஒரு தடவையும் சாய்க்க முடிந்ததில்லை.

மாஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ நாப்பத்தெட்டுக்கு எறங்கிடு. மூணு வாரம் இருக்கு."

முதல் வாரம் சோற்றை விட்டான். இரண்டாவது வாரம், கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கும் கூலிக்காரர்கள் போடும் ரப்பர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பகல் வெயிலில் ஓடினான். நானும் கூட ஓடினேன். ஓடி முடித்துக் கோட்டைக் கழற்றிக் கவிழ்த்தால் வேர்வை தண்ணீராகக் கொட்டும். அதைப் பார்த்து இருவரும் சந்தோஷப்படுவோம். நாற்பத்தொன்பதரைக்கு வந்தான். அதற்குமேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்து ஆள் எடுக்கும் தேர்வு. அதற்கு முந்தின வியாழக்கிழமை, கோதாவுக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூட்டிப்போனான். எங்களுக்குள் பேச்செல்லாம் இந்திதான்.

"இன்னிக்கு ராத்திரியோட தண்ணிய நிறுத்தப்போறேன். நான் உன்கிட்ட கேப்பேன். கேட்டா குடுக்காதே."

"எப்படிக் கேட்டாலும்?"

"அழுதாலும் குடுக்காதே. வேற யாரையும் குடுக்க விடாதே. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

நான் அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவனுடைய தலைமுடி காய்ந்து நார் மாதிரி இருந்தது. அந்த நிமிஷம் எனக்குள் இருந்தது பயமில்லை, பெருமை. இவ்வளவு பெரிய பொறுப்பை இதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனை மட்டும் மாஸ்டர் கடைக்குக் கூட்டிவந்தார். வாப்பா குண்டை நகர்த்தினார். "நாப்பத்தெட்டு எண்ணூறு" என்றார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது.

"நாக்க நீட்டு" என்றார்.

நீட்டினான். சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

"மாஸ்டர்ஜி, இந்தப் பையனுக்கு ஒடம்பு சரியில்ல. போதும், விட்டுருங்க."

"எண்ணூறு கிராம்தான் பாய். நாளைக்கு ஒரு ஓட்டத்துல போயிடும்" என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் தட்டினார்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கிருந்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உம்மா வழக்கம்போல சோறு போட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை. டம்ளரை எடுத்துக் கன்னத்தில் ஒட்டவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். நான் கையை நீட்டினேன். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டான்.

"ஏம்புள்ள, பசியில்லையா அவனுக்கு?" என்றாள் உம்மா.

"அவன் சாப்பிட்டுட்டான் உம்மா" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. மழை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. போர்ட் பிளேரில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக இருக்கும் நாட்கள் அவை. தெருக்குழாய்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வழியெல்லாம் வாளியும் குடமுமாக ஆட்கள். பதினோரு மணிக்கு நாங்கள் ஹாஸ்டலிலிருந்து கிளம்பினோம். அவன் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மழைக்கோட்டு போட்டிருந்தான். லம்பா லைன் வரை போய், திரும்பி வந்து மரைன் ஹில் ஏற்றத்தில் முடிப்பதாகத் திட்டம்.

லம்பா லைனில் திரும்பும்போது அவன் ஓட்டம் நடையாகியிருந்தது. வேர்வை வருகிறதா என்று பார்க்கக் கோட்டின் கழுத்துக்குள் கையை விட்டேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் மாதிரி சுட்டது. ஒரு பொட்டு ஈரமில்லை.

"வேர்க்கல" என்றேன்.

அவன் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னான். பெங்காலியில் சொன்னான். எனக்குப் பெங்காலி தெரியாது என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. நான் "என்ன?" என்று கேட்டதும் மறுபடியும் பெங்காலியிலேயே பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நடந்தான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் சத்தியம் செய்திருந்தேன். எண்ணூறு கிராமில் முக்கால்வாசி போயிருக்கும் என்று கணக்கும் போட்டுக்கொண்டிருந்தேன்.

மரைன் ஹில் அடிவாரத்தில் ஒரு தெருக்குழாய். அன்று தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவன் நின்றுவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை இந்தியில், தெளிவாகச் சொன்னான்:

"தண்ணி குடு."

"முடியாது. நீதானே சொன்னே."

"நான் சொன்னது பொய். குடு."

"மேல போயிடலாம், வா. நூறு கஜம்தான்."

அவன் அழ ஆரம்பித்தான். கண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் அழுதது. குழாயடியிலிருந்த ஒரு தெலுங்குக்காரப் பெண் பார்த்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கப் போனான். நான் சொம்பைத் தள்ளிவிட்டேன். தண்ணீர் அவள் சேலையிலும் ரோட்டிலும் கொட்டியது.

"வேண்டாம்மா, அவன் குடிக்கக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். பாதி ஏற்றத்தில், இழுத்த கை கனத்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முகங்குப்புற விழுந்துவிட்டான். கை கால் வெட்டி இழுத்தது. மழைக்கோட்டு ரோட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. பித்தான்களைக் கழற்ற எனக்கு விரல் வரவில்லை. அந்தத் தெலுங்குக்காரப் பெண் குடத்தோடு ஓடிவந்து, கோட்டைக் கிழித்துத் திறந்து, அவன் தலையிலும் நெஞ்சிலும் குடத்தைக் கவிழ்த்தாள். வாயில் ஊற்றின தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்தது.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள்: "நீதானே வேண்டாம்னே?"

மாஸ்டர் கற்றுக்கொடுத்த பிடியில், அவன் ஒரு கையையும் ஒரு காலையும் முன்னால் இழுத்துத் தோளில் போட்டுத் தூக்கினேன். நாற்பத்தைந்து கிலோக்காரன் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததற்குக் காரணம் அந்தக் கோதாதான். கீழே ரோட்டுக்கு வந்ததும் ஒரு பி.டபிள்யூ.டி. லாரிக்காரர் நிறுத்தி எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார்.

டாக்டர் என்னிடம் கேட்டார்: "கடைசியா எப்போ தண்ணி குடிச்சான்?"

"வியாழக்கிழமை ராத்திரி."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

அதற்குள் மாஸ்டர் வந்து என் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. "அவனேதான்" என்றேன். அது பொய்யில்லை. அதுதான் இன்னும் மோசம்.

அன்று அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்தபோது விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னை அடிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான் வாப்பா."

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். எனக்கு அவர் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலையில் தேர்வுக்குப் போகாதே என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். வாப்பா சொல்லவில்லை. உம்மா சொல்லவில்லை. போனேன். இரண்டு குஸ்தி பிடித்தேன், இரண்டிலும் ஜெயித்தேன். இரண்டாவது பையனின் கழுத்தை மடக்கியபோது அவன் கை தரையில் துடித்தது. தட்டுகிறானா, தடுமாறுகிறானா என்று தெரியவில்லை. நான் விடவில்லை. நடுவர் வந்து என்னைப் பிரித்தார். மாஸ்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, எதற்காக என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் என் நண்பனின் அப்பா ஹேவ்லாக்கிலிருந்து படகில் வந்தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு தார் வாழைப்பழத்தோடு நின்றிருந்தார். பையனுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது, பிழைத்துக்கொண்டால் அது இறைவன் செயல் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். நான் போனதும் யாரோ அவரிடம், இவன்தான் தூக்கிக்கொண்டு வந்தவன் என்று காட்டினார்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நீ இல்லேன்னா என் புள்ள இல்ல" என்றார்.

கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் அதற்குள் மெயின்லேண்டுக்குக் கப்பலில் போய், முதல் குஸ்தியிலேயே தோற்றுத் திரும்பியிருந்தேன். அவனைப் போய்ப் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. "ஜெயிச்சியா?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். குழாயடியைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவனுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்பாவோடு ஹேவ்லாக்குக்குப் போனவன் படிக்கத் திரும்பி வரவில்லை. மாஸ்டர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். வேறொருவர் வந்தார். கோதா அப்படியே இருந்தது. நான்தான் பிறகு அதில் இறங்கவில்லை.

பத்து வருஷம் கழித்துத்தான் நான் ஹேவ்லாக்குக்குப் போனேன். வாப்பாவுக்கு முடியாமல் போய்க் கடை என் கைக்கு வந்திருந்தது. பாக்குக் கொள்முதலுக்காகப் போனவனை, என் நண்பன் ஜெட்டியிலேயே அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனான். மெலிந்திருந்தான். கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. வயல் வேலை அதிகம் செய்ய முடியாது, தம்பி பெரியவனாகிவிட்டால் கவலையில்லை என்றான். அவன் அம்மா தட்டு நிறையச் சோறு போட்டாள். அப்பா எதிரில் உட்கார்ந்து, தன் பிள்ளையைத் தோளில் தூக்கிவந்த கதையை எனக்கே சொன்னார். வருகிறவர்களுக்கெல்லாம் பத்து வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறார்.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது. எங்கள் பள்ளிக்கூடம்தான், அதே ஹாஸ்டல். தோள் அகலமாக இருந்தது. கோதாவில் உரசி உரசிக் காது மடல் தடித்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாயி, நீங்களும் குஸ்திக்காரர்தானே?" என்றான். "எனக்கு முப்பத்தெட்டுக்கு எறங்கணும். நாலு கிலோ அதிகமா இருக்கு. சீக்கிரமா எறங்க என்ன பண்ணணும்?"

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, தலை நிமிராமல் இருந்தான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவனும் பத்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

"எறங்க வேணாம்" என்றேன். "உன் அண்ணன் எறங்கினான். மாஸ்டர் சொன்னாரு, இவன் செஞ்சான், நான் கூட நின்னேன். ரெண்டு நாள் தண்ணி குடிக்காம ஓடினான். வழியில குழாய் இருந்தது. என்கிட்ட தண்ணி கேட்டான், அழுதான். ஒரு அம்மா கொண்டுவந்து குடுத்தாங்க. நான்தான் தட்டிவிட்டேன். அதுக்கப்புறம்தான் விழுந்தான்."

தம்பியைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் எங்களுக்குப் பொதுமொழி இந்தி. எல்லோருக்கும் புரிந்தது. அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். என் நண்பன், "நான்தான் பாபா சத்தியம் வாங்கினேன்" என்று மெல்லச் சொன்னான்.

அவன் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் கை இரண்டையும் முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்ன மகனின் குஸ்தி லங்கோட்டை எடுத்து, நாலாக மடித்து, தன் மடியில் செருகிக்கொண்டார்.

"கெளம்புங்க. மூணு மணிக்குப் படகு" என்றார். அதுவரை என்னை நீ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நண்பன் என்னோடு ஜெட்டி வரை வந்தான். தம்பி வரவில்லை.